கட்டிலில் இறங்கிய விமானங்கள்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குப் பைலட் என்று பெயர். கேலிப் பெயர்தான். மனிதர் விமானத்தில் ஏறியதே கிடையாது, லிஃப்ட் பழுதுபார்ப்பவர். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைக்குள், கிரீஸ் அப்பிய கையோடு உட்கார்ந்திருப்பதுதான் அவர் பிழைப்பு. அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வாயைத் திறக்காமல் ஒரு நாளை ஓட்டுவது அவருக்குக் கைவந்த கலை. அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

பட்டப்பெயருக்குக் காரணம் அவர் வீட்டில் தொங்கிய போர் விமானங்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்து, தூண்டில் நரம்பில் கட்டிக் கூரைக் கொக்கியில் மாட்டுவார். செய்ததை அலமாரியில் நிறுத்தி வைத்து அழகு பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பைலட்டுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. விமானம் என்றால் பறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பறக்கிற விமானத்துக்குச் சக்கரம் வெளியே தெரியக் கூடாது; ஆகவே சக்கரக் கதவுகளை மூடி, திறக்கவே முடியாதபடி ஒட்டிவிடுவார். பறக்கிற விமானத்தில் ஆளும் இருக்க வேண்டும். ஆகவே விரல்நகம் அளவுள்ள விமானிக்குக் கண், மூக்கு, புருவம் எல்லாம் தீட்டி இருக்கையில் உட்காரவைப்பார். ஒரு புருவத்துக்கு ஒரு சாயங்காலம் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணுக்கு விமானத்தின் வயிறும் இறக்கையும்தான் தெரியும். விமானி தெரியவே மாட்டான்.

"யாருக்குத் தெரியப்போகுதுன்னு இவ்ளோ மெனக்கெடுறீங்க?" என்று அவர் மனைவி ஒருமுறை கேட்டாள்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை.

படுக்கையறை நிறைந்ததும் விமானங்கள் கூடத்துக்கு வந்தன. கூடவே மின்விசிறித் தகராறும் வந்தது. விசிறி சுழன்றால் விமானங்கள் ஒன்றையொன்று முட்டும், நரம்பு சிக்கும், இறக்கை நுனி உடையும். தகராறு என்றால் கூச்சல் எதுவும் கிடையாது. அவர் பாட்டுக்கு விசிறி சுவிட்சின் மேல் ஒரு டேப்பை ஒட்டினார், அவ்வளவுதான். மனைவி தையல்காரி, கால்சட்டை சுருக்குவது, சீருடை தைப்பது என்று வீட்டிலேயே வேலை பார்ப்பவள். அவள் பாட்டுக்குக் கூடத்தில் இருந்த தையல் மெஷினைக் காற்றுக்காகச் சமையலறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிறகு அவளுடைய தங்கைக்கு அறுவை சிகிச்சை என்று துணைக்குப் போனாள். தங்கை எழுந்து நடமாடி, கடைகண்ணிக்கெல்லாம் போய்வர ஆரம்பித்த பிறகும் இவள் திரும்பவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது சமாதானம் பேசப் போகலாம். இதில் அதற்கும் வழியில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "தங்கச்சிக்கு இன்னும் முடியலையாம்" என்று சொல்லிச் சொல்லி, பைலட் தானே அதைப் பாதி நம்பத் தொடங்கியிருந்தார்.

மீதிப் பாதிதான் அவரைப் படுத்தியது. இறக்கை ஒட்டும்போது மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ள முன்பெல்லாம் அவளைக் கூப்பிடுவார். இப்போது துணி கிளிப் பிடித்துக்கொள்கிறது. கிளிப்புக்குக் கை நடுங்குவதில்லை. எனக்கு வேற வேலை இல்லையா என்று முணுமுணுப்பதும் இல்லை. அந்த முணுமுணுப்பு இல்லாமல் மனிதருக்கு வேலையே ஓடவில்லை. அவள் வரவேண்டும், வந்து இருந்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அதை எந்த வாயால் கேட்பது என்று புரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அவளிடமிருந்து போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேன். வீட்ல இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்" என்றார். தலைகால் புரியவில்லை.

லிஃப்ட் நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் மறுபடி ஓடும். இதுவும் அப்படித்தான் என்று கணக்குப் போட்டார். காரணம் விசிறி, வேறென்ன? சுவிட்சில் இருந்த டேப்பைப் பிய்த்து எறிந்தார். ஸ்டூல் மேல் ஏறி ஒவ்வொரு நரம்பாக வெட்டினார். அத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டியதை வெட்டுகிறோமே என்று வருத்தமாக இருந்தது. அவள் வருகிறாள் என்ற நினைப்பில் அதையும் தாங்கிக்கொண்டார்.

இறக்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒன்றுக்காவது சக்கரம் இருந்தால்தானே தரையில் நிற்கும்? அடுக்கவும் முடியாது, சாய்த்து வைக்கவும் முடியாது. ஒவ்வொன்றும் ஒரு இறக்கையை ஊன்றிக்கொண்டு கோணலாகப் படுத்துக்கொண்டது. கட்டில் நிறைந்தது. சோபா, நாற்காலி, சாப்பாட்டு மேசை எல்லாம் நிறைந்தன. மேலே விசிறி ஜோராகச் சுற்றியது.

கதவைத் திறந்ததும் அவள் அண்ணாந்துதான் பார்த்தாள். "என்னங்க, மேல ஒண்ணையும் காணோம்?"

"எறக்கிட்டேன். ஃபேன் ஓடுது பாரு. உக்காரு."

அவள் சோபாவைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது, உட்காரத்தான் இடமில்லை. அவர் அவசரமாக ஒரு நாற்காலியைக் காலி செய்து, எடுத்த விமானத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இனி கவலையில்லை என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

அவள் அதைக் கையில் வாங்கி, முதல்முறையாக மேலேயிருந்து விமானியைப் பார்த்தாள். "மூஞ்சி நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "கீழ வேன் நிக்குது. மெஷினை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எதுக்கு? அதான் ஃபேன் போட்டாச்சே."

"நான் காத்துக்காகப் போனேன்னா நெனச்சீங்க?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அப்படித்தானே நினைத்திருந்தார்.

"அங்க இருக்கிற ஃபேன் ராத்திரி பூரா கடகடங்கும், காத்தே வராது" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஆனா தங்கச்சி எங்கூட பேசுவா. இந்த நூல் பொருந்துமான்னு கேட்டா, பொருந்தாது, மாத்துன்னுவா. சண்டைகூடப் போடுவா. இங்க நான் ஒண்ணு கேட்டா நீங்க மேல பாப்பீங்க, இல்லைன்னா கையில இருக்கிறதைப் பாப்பீங்க. சொவத்துகிட்ட பேசிட்டிருந்த மாதிரி இருந்துச்சுங்க எனக்கு."

இதற்கு அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். என்னை மன்னிச்சிடு என்றோ, போகாதே என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் அவள் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாள், அவர் மறுபக்கத்தைப் பிடித்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் சோம்பேறி என்று ஊரறியும். அன்றைக்கென்று கூப்பிட்ட உடனே வந்து நின்றது. மெஷினை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார். முடிச்சு பலமாக இருக்கிறதா என்று இரண்டுதரம் இழுத்துப் பார்த்தார். வேன் போய்விட்டது.

மேலே வந்தால் சமையலறை ஜன்னலோரம் வெறிச்சென்று கிடந்தது. மெஷின் இருந்தவரை அவள் வருவாள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. அவருக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை யாரும் பார்க்கப்போவதில்லை என்பது இன்னும் வேதனையாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் போனை எடுத்து மச்சினி வீட்டு எண்ணைத் தேடி அழுத்தினார்.

"மாமா?" மச்சினி பதறிவிட்டாள். "என்ன ஆச்சு? ஒடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் ஆகலை. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?" பிறகு அவள் உள்ளே திரும்பிச் சொல்வது கேட்டது. "அக்கா, மாமா லைன்ல. சும்மா கூப்பிட்டாராம்."

மனைவி வந்தாள். "சொல்லுங்க."

"மெஷின் பத்திரமா வந்து சேந்துச்சா?"

"வந்துச்சு."

"அடி எதுவும் படலையே?"

"படலை." அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். "சரி, வெச்சிடட்டுமா?"

"வெக்காதே" என்றார்.

அவள் வைக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். அவருக்குத்தான் அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை.