எதை விட்டீர்கள் என்று கேட்டவர்

செங்கோட்டை ரயில் நிலையத்தில் ஒரு செய்திக்காக நின்றிருந்தபோது கீழப்பாவூர் செல்வி தொலைபேசியில் அழைத்தார். “சார், நம்ம கோமதி மேடம் போயிட்டாவ. காலையில நெஞ்சு வலின்னாவளாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு.”

தென்காசியில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றிய கோமதி அவர்களை நன்கு அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அறியாதவர்களுக்காகவும், ‘நிலையில்லாதவர், இன்றைக்கு ஒன்று சொல்வார், நாளைக்கு இன்னொன்று சொல்வார்’ என்று அவரைப் பற்றிப் பேசியவர்களுக்காகவும் எழுதுகிறேன். அவர்கள் சொன்னது உண்மைதான். அதைக் குறையென்று நினைத்ததுதான் தவறு.

நான் முதலில் சந்தித்தபோது அவர் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் இருந்தார். மூளை வாதத்தால் கால்கள் இறுகிய குழந்தைகளுக்கு, அந்தக் கால்களைப் பிடித்து இழுத்து நீட்டும் பயிற்சியில் பெயர் பெற்றிருந்தார். அதைப் பற்றி எங்கள் நாளிதழில் எழுதினேன். மையத்தின் உரிமையாளர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கூட்டம் பெருகியது.

சில ஆண்டுகள் கழித்து அவரே என்னைக் குற்றாலத்துக்கு அழைத்தார். சீசன் நாட்களில் ஞாயிறுதோறும், அருவியில் நெரிசல் ஏறுமுன் குளித்துவிட்டு, அவருடைய தங்கை வீட்டு மாடியில் நாலைந்து தெரபிஸ்டுகளும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் கூடுவார்கள். தலை துவட்டியும் துவட்டாமலும் கைப்பேசியைத் திறப்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் இணையதளங்களில் துறைச் சொற்களைப் பதிந்து வைத்தால், புதிய கட்டுரை வெளியானதும் மின்னஞ்சல் வரும். ‘அலர்ட்’ என்பார்கள். அதை அவர்கள் எல்லோருக்கும் அமைத்துக் கொடுத்தவர் கோமதி. நல்ல பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் யார் யார் அதைச் சுட்டியிருக்கிறார்கள், யார் மறுத்திருக்கிறார்கள் என்று தொடர்ந்து போவார். கட்டணம் கேட்கும் கட்டுரையென்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புவார்.

“கேட்டா அனுப்பிருவாவ சார். நாம கேக்க வெக்கப்பட்டா நட்டம் பிள்ளையளுக்குத்தான்.”

கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வருகிறவரை விடமாட்டார். “எத்தனை பிள்ளையள பாத்தாவ? யாரு அளந்தா? எத்தனை மாசம் கழிச்சு மறுபடி பாத்தாவ?” என்று துளைப்பார். புதிதாக என்ன படித்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. படித்ததனால் எதை விட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

“நான் தூக்கத்தை விட்டேன் மேடம்” என்றார் ஒரு ஞாயிறு ஓர் இளைஞர்.

“அது நீ போன்ல வேற என்னத்தையோ பாத்ததுல போனது. கட்டுரை கணக்குல எழுதாதலே.”

அன்று கடைசியாக அவருடைய முறை. “நான் கால் இழுக்கதை விட்டுட்டேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பெயர், பிழைப்பு, எல்லாம். இழுத்து நீட்டுவதால் மட்டும் பெரிய பயன் இல்லை, குழந்தை தனக்கு வேண்டிய ஒரு வேலையைத் தானே செய்து பழகுவதுதான் உதவுகிறது என்ற ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவை தவறாக இருக்கக்கூடாதா என்று பல மாதங்கள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதினது பழசாயிட்டு சார். இதையும் எழுதணும்.”

எழுதினேன். உரிமையாளர் பழைய பக்கத்தின் சட்டத்தைக் கழற்றவில்லை.

செல்வியின் மகள் மீனாவுக்கு அப்போது எட்டு வயது. பயிற்சி நேரம் முழுக்க அழும் பிள்ளை. “அழுதா அழட்டும் மேடம், நீங்க இழுங்க. நடந்தாப் போதும்” என்று செல்வி மன்றாடினார். கோமதி குனிந்து மீனாவிடம் கேட்டார்: “ஏட்டி, உனக்கு என்ன செய்யணும்?”

“பஸ்ல நானே ஏறணும். அம்மா தூக்கக் கூடாது.”

மறுவாரமே பேருந்துப் படியின் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்ய வைத்தார். உரிமையாளருக்குப் பொறுக்கவில்லை. “பெட்டியில ஏறி இறங்கவா பீஸ் குடுக்காவ? பெத்தவங்க கேக்கத செய்யுங்க. இல்லன்னா வேற இடம் பாத்துக்கிடுங்க.”

“பயனில்லன்னு தெரிஞ்சுக்கிட்டே பிள்ளைய அழ வைக்க எனக்கு வராது அண்ணாச்சி” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார் கோமதி. ரயில் நிலையம் பக்கம் ஓர் அறை பிடித்தார். முதலில் யாரும் வரவில்லை. செல்வியும் வரவில்லை. பழைய மையத்து வாசலைத் தாண்ட மாட்டேன் என்று மீனா அடம்பிடித்த பிறகுதான் வந்தார்.

அடுத்த ஆண்டு ஒரு நாள் தென்காசி பேருந்து நிலையத்தில் மூவரையும் பார்த்தேன். மீனா கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். அடுத்த கால் வரவில்லை. நடத்துநர் அவசரப்பட்டார். “தூக்கி விடும்மா, நேரமாவுது.” செல்வியின் கை நீண்டது.

“கையை எடு செல்வி” என்றார் கோமதி. பிறகு நடத்துநரிடம், “வண்டி கொஞ்சம் லேட்டானா கீழப்பாவூர் எங்கயும் ஓடிப் போயிராது. பொறுங்க.”

மீனா ஏறினாள். தடுமாறித்தான் ஏறினாள். இன்றும் தடுமாறித்தான் நடக்கிறாள். அற்புதம் எதையும் கோமதி விற்றதில்லை.

சென்ற வாரம் இரங்கல் கூட்டம் நடந்தது. பழைய உரிமையாளரும் வந்திருந்தார். “கொண்ட கொள்கையில் கடைசிவரை மாறாதவர்” என்று உருக்கமாகப் பேசினார். செல்வி எழுந்து நின்றார்.

“அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி. மாறினாவ. எம் பிள்ளை காலை இழுக்கதை விட்டாவ. அதுக்குத்தானே நீங்க அவியள வெளிய அனுப்புனிய? செத்த பொறவு மாத்திச் சொன்னா எப்படி?”

உரிமையாளர் அமர்ந்துவிட்டார். தான் தவறென்று காட்டக்கூடியதைத் தினமும் தேடிப் படித்த ஒருவரை, மாறாதவர் என்று புகழ்ந்து அடக்கம் செய்ய நாங்கள் விடமாட்டோம்.

கடைசி வரிசையிலிருந்து மீனா பூவோடு எழுந்தாள். அடுத்துப் பேச வேண்டியவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். யாரும் கை கொடுக்க எழவில்லை. கோமதியின் படத்தருகே அவள் போய்ச் சேரும்வரை கூட்டம் முழுதும் காத்திருந்தது.

போய் வாருங்கள், கோமதி.