பாறையிலிருந்து படித்த வரி

“...அதுக்குன்னு, வெஷம்னு போத்தலுக்கு அடியிலயாங்கண்ணா எழுதி வெப்பாங்க?”

போன மிளகு அறுப்பு முடிந்த சமயம், கொல்லிமலை எடப்புளி நாட்டில் தன் வீட்டு வாசலில் நின்று என் தங்கச்சி கேட்டது இது.

அவள் வீட்டுக்காரர், என் மச்சான், இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலையடிவாரக் காரவள்ளிக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவில் லாரி. பைக்கும் போச்சு, சட்டைப் பையிலிருந்த செல்போனும் போச்சு. மிச்சம் அவருடைய பழைய லேப்டாப். அதில் ஒரு வீடியோ. மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறித்தபடி, “ஏணியப் புடின்னா படம் புடிக்கறயா? நான் உளுந்தா உனக்குக் கஞ்சி ஊத்த ஆளிருக்காதுடி!” என்று கத்துவார். இவள் சிரிப்பது பின்னால் கேட்கும். அவர் குரல் என்று உலகத்தில் இருந்தது அவ்வளவுதான்.

அந்த லேப்டாப் நகரவே மாட்டேன் என்றது. தங்கச்சி தபாலில் படிக்கிறாள், பாடத்துக்கு அது வேண்டும். நானோ கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டியே கற்றவன். பழைய மெஷினிலும் ஓடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். நிறுவும் முறை ஓர் இணையப் பக்கத்தில் தமிழிலேயே இருந்தது. ஆனால் சிக்னல் மேலே பாறையில்தான் கிடைக்கும். லேப்டாப்புக்குப் பேட்டரி செத்துப்போனதால் வீட்டு பிளக்கை விட்டு அது வராது. சரிவுக்குச் சரிவு கூவிப் பேசியே வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு தடையா? பாறையில் நின்று நான் ஒரு வரி படிப்பேன். கீழே அவள் செய்துவிட்டு “ஆச்சு!” என்பாள்.

“வெரசாப் படிங்கண்ணா, இந்நேரம் ஒரு பலாப்பழத்தையே உரிச்சிருப்பேன்!”

‘தொடரவா என்று கேட்கும். ஆம் என்பதை அழுத்தவும்.’

“ஆச்சு!”

அடுத்த வரி: ‘கவனிக்க: இதனால் கணினியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.’

அதை நான் கத்திப் படிக்கவில்லை. விழுந்தடித்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினேன். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் சில நாள் வைத்திருந்து, அழிந்தது அழிந்ததுதான் என்று கையை விரித்தார். வெறும் பெட்டியாகத் திருப்பிக் கொண்டுவந்தபோதுதான் அந்தக் கேள்வி.

“புதுசா ஒண்ணு போடறதுன்னா சோத்துல கொழம்பு ஊத்தற மாதிரின்னு நெனச்சேங்கண்ணா. சட்டியவே கழுவி ஊத்துவாங்கன்னு யாரு கண்டா?”

புதுவெள்ளம் வந்து இருந்த வெள்ளத்தையும் அடித்துக்கொண்டு போன கதை.

அந்த இணையப் பக்கத்தின் அடியில், குறை இருந்தால் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினேன். திட்டவில்லை, எந்த வரி எங்கே வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். சில நாளில் மாற்றிவிட்டார்கள். எழுதுகிறவருக்குப் பக்கம் முழுவதும் தெரியும், செய்கிற கைக்கு அந்த ஒரு வரிதான் தெரியும். இன்றும் யாருக்கு எதற்கு வழி சொன்னாலும், முதலில் பள்ளத்தைச் சொல்லிவிட்டுத்தான் பாதையைச் சொல்கிறேன்.

மாற்றியதைச் சொன்னதும், மறுபடி நிறுவ அவள் என்னை லேப்டாப் முன்னால் உட்காரவைத்தாள். என் போனை வாங்கிக்கொண்டு தானே பாறைக்கு ஏறினாள். மேலிருந்து முதல் வரி வந்தது.

“நில்லுங்க! இந்தக் கம்ப்யூட்டர்ல உங்களுக்கு வேண்டியது ஏதாச்சும் இருக்குதா? இருந்தா மொதல்ல அத வேற எடத்துல எடுத்து வெச்சுட்டு வாங்க.”

“ஒண்ணும் இல்ல கண்ணு” என்றேன்.

பாறையிலிருந்து அவள் அடுத்த வரியைப் படித்தாள்.