தலையை முன்னால் விட்டுத் தூக்கினோம்

சடையண்ணன் கஞ்சி குடித்துவிட்டார் என்ற சேதியோடு நான் மலையேறி வந்தேன். மறுநாளே, அவர் இறந்துவிட்டார் என்ற சேதியோடு அவருடைய மைத்துனர் ஏறி வந்தார். அப்போது நான் சடையண்ணன் வீட்டு வாசலில், இடுப்பில் கைவைத்து ஆஸ்பத்திரி நர்சைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையோடு ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணி, பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த மலையில், வளப்பூர் நாட்டுக் கிராமங்களில் பலா மரம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு வாயடிக்கத் தெரிந்தவர் சடையண்ணன் ஒருவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் சேட்டைக்கு ஈடுகொடுத்தவர். ஒருமுறை புதருக்குள் ஒளிந்து கரடி மாதிரி உறுமினேன். மேலிருந்து ஒரு பழுத்த பலாப்பழம் என் காலடியில் விழுந்து சிதறியது.

"சாப்டுப்போட்டுப் போங்க கரடியாரே! உங்கப்பன்கிட்ட சொல்லிப் போடறேன், மகனுக்கு மேலெல்லாம் மயிர் மொளைச்சிருச்சுன்னு."

காலெல்லாம் சுளை ஒட்டியபடி வீடு போனேன்.

மழை ஈரத்தில் கிளை முறிந்து அவர் விழுந்தபோது காதிலிருந்து ரத்தம் வந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நான்கு பேர் தூக்கினோம். லாரி கிடைக்கும் அடிவாரம் வரைக்கும் செங்குத்தான ஒற்றையடிப்பாதை. தூக்க வந்தவர்களில் ஒருவர், "எறக்கம்ப்பா. காலு முன்னால இருந்தாத் தலை மேடா இருக்கும்" என்றார்.

காலை முன்னால் விட்டுப் பிணத்தைத்தான் தூக்குவோம். எந்த வழக்கத்தையும் நான் கேலி செய்யாமல் விட்டதில்லை, துக்கத்துக்குக் கூடியிருக்கிற உங்களுக்கே தெரியும். அன்று பயத்தில் நான்தான் கத்தினேன்: "உசுரோட இருக்கறவரை அப்படித் தூக்காதீங்க! தலையை முன்னால விடுங்க!"

கட்டிலைத் திருப்பினோம். அடிவாரம் வரைக்கும் அவர் தலை தாழ்ந்தே இறங்கியது.

டவுன் ஆஸ்பத்திரியில், உயிருக்கு ஆபத்தானவர்களை வைக்கும் தனி அறையில் போட்டார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். டாக்டர் எங்களிடம், எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னோம்.

"மண்டையில அடிபட்டவரை இவ்வளவு தூரம் தலைகீழாவா கொண்டுவந்தீங்க? உள்ளே வீக்கம் கூடிப்போச்சே!"

மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாலாம் நாள் கண் திறந்தார். ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். நான் போனேன்.

"ஏனுங்கண்ணா, மரத்துல இருந்து எறங்க வேற வழி தெரியலீங்களா?"

உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "பழம்... சேதமில்லாம எறங்குச்சா?"

"பழம் முழுசா இருக்குதுங்க. நீங்கதான் வெடிச்சுப் போயிட்டீங்க."

நர்ஸ் என்னை விரட்டினார். மறுநாளும் போனேன். தினம் ஒரு சிரிப்பாவது வாங்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

ஒன்பதாம் நாள் நாலு வாய் கஞ்சி இறங்கியது. நர்சிடம் என்னைக் காட்டி, விட்டுவிட்டுச் சொன்னார்:

"இவன் கத்துனது... எனக்குக் கேட்டுதுங்க. பொணமாட்டம் தூக்க உடல. மனுசனாக் கொண்டாந்தான்."

அதில் அத்தனை பெருமை அவருக்கு. "ஆமாங்கண்ணா" என்றேன். ஊருக்கு நல்ல சேதி சொல்லப் புறப்பட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே வலிப்பு வந்ததாம்.

அவருடைய வாய்த்துடுக்கையும் சிரிப்பையும் அவரை அறிந்தவர்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அவர் சொன்ன நன்றி ஒன்றுதான். அது எனக்கு உரியதல்ல என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க, இனி அவர் இல்லை.