முன்பு வராத வெள்ளம்

அந்த வார்த்தையைப் போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியபோது பேனா முனையில் மை காய்ந்துகொண்டிருந்தது. மழையைப் பற்றி இங்கிலீஷில் நான்கு வரி எழுதியாயிற்று. வெள்ளத்துக்கு வந்ததும் அதற்கு முன்னால் ஒரு நல்ல அடைமொழி வேண்டியிருந்தது. எதிரே மாமா உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. தென்காசியில் எங்கள் தெருவில் இங்கிலீஷ் படிக்கிற பெண் நான் ஒருத்திதான். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, காண்டிராக்ட் வேலை பார்த்துவந்தார். குற்றாலம் போகும் வழியில் சிற்றாற்றின் மேல் அவர் போட்டிருந்த மரப்பாலம் அந்த ஐப்பசி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. விறகுக்கட்டோடு அதன்மேல் வந்த ஒரு பெண்ணும் போனாள். மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். பாலத்தை ஏன் அவ்வளவு தாழ்வாகப் போட்டீர் என்று என்ஜினீயர் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் சரியாக இல்லையென்றால் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

“கனமான வார்த்தையாப் போடுட்டி,” என்றார் மாமா. “ஆபீஸ்ல படிக்கவன் நாற்காலிய விட்டு எந்திரிக்கணும்.”

எங்கள் ஊரில் இங்கிலீஷ் மனுவை எடை பார்த்துத்தான் மதிப்பார்கள். அர்த்தமெல்லாம் அப்புறம். அப்போது என் கைவசம் இருந்ததில் கனமானது ‘அன்பிரசிடெண்டட்’. வடக்கே எங்கேயோ நடந்த பூகம்பத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்தபோது பிடித்துவைத்துக்கொண்டது. மிகப் பெரியது, பயங்கரமானது என்று நானாகவே பொருள் கொண்டு எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவந்தேன். அம்மா வைத்த ரசத்தின் காரம்கூட அன்பிரசிடெண்டட்தான்.

மாமா அர்த்தம் கேட்டார். அகராதியைப் புரட்டி வாசித்தேன்: இதற்கு முன் நடந்தே இராதது, முன்னுதாரணம் இல்லாதது. ‘பெரிய’ என்ற சொல்லே அதில் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

“அதையே போடு,” என்றார் பிறகு. “ரெண்டு எடத்துல போடு.”

இரண்டாவது இடத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது செத்துப்போனவளின் புருஷன் வந்து வாசலில் நின்றார். மாட்டுவண்டி ஓட்டுகிறவர்.

“அண்ணாச்சி, போன ஐப்பசியிலயும் பாலத்து மேல தண்ணி போச்சுல்லா. அதுக்கு முந்துன வருசமும் போச்சு. அத ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அவ கண்ணுமண்ணு தெரியாம போயி விழுந்தான்னு ஊரே சொல்லுது.”

“எழுதுதா, எழுதுதா. நீ வீட்டுக்குப் போ.”

அவர் போகவில்லை. என்னைப் பார்த்தார். “எழுதிருவியா பாப்பா?”

தலையை ஆட்டினேன். எழுதவில்லை. தாளில் இடமில்லை என்பது அன்று எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. போன ஐப்பசியில் தண்ணீர் ஏறியது எனக்கும் தெரியும். அக்கரையிலிருந்து டீச்சர் வர முடியாமல் எங்கள் வகுப்புக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத வெள்ளமாம். யார்மேலும் குற்றம் இல்லையாம். என் வார்த்தை அப்படியே அதில் இருந்தது. தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா பாவாடைக்குத் துணி எடுத்துத் தந்தார். வண்டிக்காரர் மாட்டை விற்றுவிட்டு ஆலங்குளம் பக்கம் போய்விட்டார் என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வெள்ளத்தை முன்பு வராதது என்று எழுதிவிட்டால், முன்பு வந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் பொய்யர்களாகிவிடுகிறார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. பார்த்தவர்களில் நானும் ஒருத்தி என்பதுகூட உறைக்கவில்லை.

இப்போது காலேஜில் படிக்கிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தால், அதே இடத்தில் புதுப் பாலம் போடப்போகிறார்கள் என்ற பேச்சு. பழைய உயரமே போதுமாம். அப்படியொரு வெள்ளம் ஒரே ஒரு தடவைதான் வந்தது என்று ஆபீஸ் காகிதம் சொல்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை கரையோரத்து ஊர்களுக்குப் போகிறேன். எந்த வருஷம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கி அந்த ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். எத்தனை பேர் போடுவார்கள் என்று தெரியவில்லை. முதல் கையெழுத்துக்கு மாமாவிடம்தான் போகப்போகிறேன்.