கையில் இல்லாத வயலின்

சேலம் போகிற பேருந்தில் ஒரு நாள் மதுமதியின் தோளில் சாய்ந்து அசந்து தூங்கிவிட்டேன். அவள் நாமக்கல்லில் இறங்கி வயலின் வகுப்புக்குப் போக வேண்டியவள். புதுச்சத்திரம் தாண்டி நானாக விழிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். “எனக்கும் இந்தப் பக்கந்தான் வேலைங்க அத்தை” என்றாள். அன்று வகுப்பு போனது அவள் அம்மா சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

மோகனூரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவள் அப்பா அர்த்தநாரி ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். வயலின் வாசிப்பிலேயே மேல்படிப்பு படிக்க ஜெர்மனிக்குப் போனாள். ஒரு வருடம் முடித்து லீவுக்கு வந்தாள். மறு வருடம் மேடையில் தனியாக வாசித்துக் காட்டினால்தான் பட்டம். கல்லூரி கொடுத்த வயலினை வெளியூர் கொண்டுபோக விடமாட்டார்களாம். வீட்டில் இருந்த பழையதைக் கறையான் அரித்திருந்தது. அதனால் வெறுங்கையிலேயே பழகினாள்.

உச்சிவேளையில் கரும்புக்காட்டு வாய்க்கால் மேல் நிற்பாள். தலை இடப்பக்கம் சாய்ந்து, தாடை தோளில் படிந்திருக்கும். கண் மூடியிருக்கும். இடது கை விரல்கள் காற்றில் ஏறி இறங்கும். வலது கை எதையோ மெல்ல இழுக்கும். அந்த நேரம் கரும்புச் சோகைகூட அசையாது. நானே பார்த்தேன்.

கரும்பு வெட்டுக்கு வந்த ஆராயிதான் முதலில் சொன்னாள். “மதுமதிக்குத் தாடைக்குக் கீழ பாத்தீங்களா? கன்னங்கரேல்னு தடம். தலையும் அதே சாய்மானம். செல்லியம்மா தொங்குனப்ப நாந்தானுங்க கயித்த அறுத்தேன்.”

செல்லியம்மாள் அந்தக் காட்டு வேப்பமரத்தில் உயிரை விட்டவள். பல வருடம் ஆகிறது.

செல்லியம்மாள்தான் பிடித்திருக்கிறாள் என்று அர்த்தநாரி மகளின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். “பட்டமும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. புள்ள உசுரோட இருந்தாப் போதும்.”

“வயலின் அழுத்துன தழும்புங்கப்பா அது.”

“போறப்ப இல்லாத தழும்பு இப்ப எங்கிருந்து வந்துச்சு?”

“அங்க பொழுதன்னிக்கும் வாசிக்கறனுங்கப்பா.”

அவர் நம்பவில்லை. மறுநாளே காட்டுக்கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். பூசாரி மணியன் வேப்பங்குழையை ஓங்கி, “யாரு நீ, சொல்லு” என்றார்.

“மதுமதிங்க. உங்க ஊட்டுக் கல்யாணத்துல வாசிச்சனே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. அவளே குரலைத் தணித்தாள். “ஒருக்கா முழுசா வாசிச்சுக்கறனுங்க. அப்பறம் சாமி சொல்றதக் கேட்டுக்கறேன்.”

சாமி உத்தரவு என்றால் எங்களுக்குக் கவுளி வாக்குத்தான். பல்லி குரல் கொடுத்தால் போகலாம். கொடுக்காவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

அவள் தலை சாய்ந்தது. கைகள் எழுந்தன. சத்தமே இல்லை. இல்லாத தந்தியில் விரல்கள் அதிர்ந்தன. ஆராயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். கடைசியில் வலது கை நீள இழுத்து நின்றது. அப்போது சாமிக்குப் பின்சுவரில் கவுளி சொன்னது.

மணியன் திருநீறு பூசிவிட்டார். “உத்தரவு ஆயிருச்சு. அனுப்பி வுடுங்க.” அர்த்தநாரி இடுப்பிலிருந்து பீரோச் சாவியை அவிழ்த்தார்.

அவள் படித்து முடித்து இப்போது அங்கேயே வாசிக்கிறாள். அம்மன் காப்பாற்றட்டும். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது, அந்த லீவு முடிந்து கிளம்பிய அன்றுதான். கார் கதவருகில் கையைப் பிடித்துக் கேட்டேன். “நெசத்தச் சொல்லு சாமி. கரும்புக்காட்டுல நீ தனியாவா நின்னே?”

“தனியாத்தானுங்க வாசிச்சேன். ஆனா முடிச்சுக் கையக் கீழ போட்டா, பின்னால ஒருத்தர் பெருமூச்சு வுடற சத்தம் கேக்குமுங்க அத்தை. பயமா இல்லீங்க. நல்லாக் கேட்டவங்க அப்படித்தான் மூச்சு வுடுவாங்க.”