நாற்காலியைப் பார்க்காத ரெஃபரி

குஸ்தி ரெஃபரி வேலைக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும். திட்டு வாங்கறதுக்குத்தான் தனியா பழகணும்.

பஸ் கண்டக்டர், ரேஷன் கடையில எடை போடறவர், அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல உக்காந்து சாப்பிடறவர், உங்களுக்கெல்லாம் நான் சொல்லாமலே புரியும். யாரு தப்பு பண்ணாலும் நம்ம தலையிலதான் விடியும். நெய்வேலியிலயும் சுத்துப்பட்டு ஊருங்கள்லயும் நாலு வருஷம் குஸ்தி ஷோவுக்கு ரெஃபரியா இருந்தவன் நான். டி.வி.யில வெளிநாட்டுக்காரன் குஸ்தி வர்றதுக்கு முன்னாடி, மைதானத்தச் சுத்தி தகரம் அடிச்சு, நடுவுல ரிங் கட்டி, சனி ஞாயிறு சாயங்காலம் ஷோ நடக்கும். போன வாரம் டீக்கடையில ஒருத்தர் போன்ல ரெஸ்லிங் பாத்துக்கினே, "இதெல்லாம் செட்டப்பு சார், உங்களுக்குத் தெரியாது"ன்னு எனக்குப் பாடம் எடுத்தாரு. "அப்படிங்களா?"ன்னு கேட்டுக்கினேன். எங்க முதலாளி போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. இனிமே சொன்னா தப்பில்ல.

கறுப்பு பேண்ட்

அப்போ நான் கான்ட்ராக்ட்ல எலக்ட்ரிஷியனுக்கு ஹெல்ப்பர். குஸ்தி மைதானத்துல லைட் கட்டப் போயிருந்தேன். அன்னிக்குன்னு பாத்து பழைய ரெஃபரி வயித்து வலின்னு படுத்துட்டாரு. முதலாளி என்னை மேலயும் கீழயும் பாத்து, "வெள்ளச் சட்ட, கறுப்பு பேண்ட் இருக்குதா?"ன்னு கேட்டாரு. சர்ச் பாட்டுக் குழுவுக்குத் தைச்சது இருந்துது. அவ்ளோதான் இன்டர்வியூ.

வேலைய விளக்கினாரு. யாரு ஜெயிக்கணும்னு காலையிலயே முடிவாயிடும். வில்லன் நாற்காலிய தூக்கற நேரத்துல நான் வேற பக்கம் திரும்பிக்கணும். அடிச்சு முடிச்சு, நாற்காலி வெளிய போனதுக்கு அப்புறம் திரும்பி, கீழ கெடக்கறவன் பக்கத்துல மண்டி போட்டு எண்ணணும்; மூணு வரைக்கும் எழுந்துக்கலன்னா அவன் தோத்தான், ஆனா ஹீரோ எப்பவும் ரெண்டுலயே எழுந்துக்குவாரு. இந்த விஷயத்த பெத்தவங்க, கட்டிக்கப்போறவ, பாவசங்கீர்த்தனம் கேக்கற சாமியார், யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு ரிங் கம்பத்து மேல கைய வெச்சு சத்தியம் வாங்கினாரு. "எல்லாத்தையும் பாக்கறதுதான ரெஃபரி வேலை?"ன்னு அப்பாவியா கேட்டேன்.

"பாக்கறதுக்கு ஜனங்க இருக்காங்க. பாக்காம இருக்கத்தான் உன்ன வெச்சிருக்கேன்."

பம்பாய்க்காரர்

எங்க ஹீரோவுக்குப் பேரு பம்பாய் கிங். சொந்த ஊரு குள்ளஞ்சாவடி பக்கம். முந்திரிக் காட்டுல வளந்த மனுஷன். ஆனா மைக்குல "பம்பாயிலிருந்து நேரா வந்திருக்கும் பம்பாய் கிங்"னு சொல்லிட்டதால, வெளிய எங்கயும் தமிழ் பேசக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு. பாவம், டீக்கடையில வடையக்கூட விரலால காட்டித்தான் வாங்குவாரு. ஆறின வடைய குடுத்தாலும் சண்டை போட முடியாது.

வில்லன் பேரு எரிமலை. ஒரு ஞாயித்துக்கெழம எரிமலை உதைச்ச உதை குறி தப்பி கிங்கோட விலாவுல நெஜமாவே விழுந்துட்டுது. மனுஷன் சுருண்டு விழுந்து, "ஐயோ ஆயா!"ன்னு பாட்டிய கூப்பிட்டு அலறினாரு பாருங்க, மைதானமே கப்சிப். போச்சுடா, இன்னியோட கடைய மூட வேண்டியதுதான்னு நெனச்சு, எதுக்குன்னே தெரியாம விசில் ஊதினேன். முன்வரிசையில மந்தாரக்குப்பத்துக்காரர் ஒருத்தர் பக்கத்துல இருந்த சம்சாரத்துக்கு நிதானமா விளக்கம் சொன்னாரு.

"பாத்தியா, பம்பாயிலயும் ஆயாவ ஆயான்னுதான் கூப்புடறாங்க."

கண்ணு முகாம்

ரிங்குல கெட்ட பேரு எரிமலைக்குன்னா, டவுன்ஷிப்புல கெட்ட பேரு எனக்கு. சந்தையில கத்திரிக்காய சொத்தையா அள்ளிப் போட்டுட்டு, "உனக்கென்ன தெரியவா போவுது?"ன்னு கேப்பாங்க. பூசை முடிஞ்சு கோயில் படி இறங்கினா, பின்னாடி வர்றவங்க "பாத்து, பாத்து, படி இருக்கு"ன்னு கையப் புடிச்சுப்பாங்க. சிரிச்சுக்கினே போயிடுவேன். வேற என்ன பண்றது?

ஒரு நாள் ஷோ முடிஞ்சு தகரக் கதவு பக்கத்துல ஒரு பெரியம்மா எனக்காக நின்னுகினு இருந்தாங்க. சரி, வாங்கிக்க வேண்டியதுதான்னு மனச தேத்திக்கினு பக்கத்துல போனேன். அந்தம்மா திட்டவே இல்ல. முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த ஒரு நோட்டீஸ எடுத்து என் கையில திணிச்சாங்க.

"வர்ற ஞாயித்துக்கெழம வடலூர்ல கண்ணு முகாம் இருக்குதுங்க தம்பி. எங்க வூட்டுக்காரருக்கும் அங்கதான் பாத்தாங்க. நாற்காலி அளவுக்குப் பெரிய சாமானே தெரியலன்னா சும்மா வுடக்கூடாதுங்க."

எரிமலையோட பஸ் பயணம்

எரிமலைங்கறது ஏகாம்பரம் அண்ணன். சேத்தியாத்தோப்புல நெல்லு மில்லுல மூட்டை தூக்கறவரு. ஆறரை அடி ஒசரம், அதுக்கேத்த ஒடம்பு. மனசு மட்டும் பஞ்சு. ரிங்குல என்னை காலரப் புடிச்சு தூக்கும்போதே காதுல, "சட்டை புதுசாடா ஞானம்? கிழிஞ்சிடப் போவுது, கெட்டியா புடிச்சுக்கோ"ம்பாரு. கடைசியில நாலு அடி வாங்கி மல்லாந்து விழறதுதான் அவரோட வேலை. ஆறு வருஷமா தோத்துக்கினே இருந்தாரு. சம்சாரத்தையும் ரெண்டு பொண்ணுங்களையும் ஒரு தடவ கூட ஷோவுக்குக் கூட்டிக்கினு வந்ததில்ல. அப்பன ஊரே காறித் துப்பறத புள்ளைங்க ஏன் பாக்கணும்னு கேப்பாரு.

ஒரு சாயங்காலம் நானும் அவரும் ஒண்ணா பஸ் ஏறினோம். கண்ணச் சுத்தி பூசின மை சரியா போகல. பஸ்ஸுல ஜனம் பிதுங்குது, ஆனா நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்த சீட்டுல மூணாவது எடம் மட்டும் காலி. கைக்கொழந்தையோட ஒரு அம்மா ஏறினாங்க. அண்ணன் உடனே எழுந்து, "ஒக்காருங்கம்மா"ன்னாரு. அந்தம்மா கொழந்தைய இறுக்கி அணைச்சுக்கினாங்க.

"வேணாங்க, நீங்களே ஒக்காருங்க. நீங்க நின்னுகினு இருந்தாத்தான் எனக்குப் பயமாக்குது."

பொண்ணு கேக்கப் போனது

பாட்டுக் குழுவுல ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு. நர்சரி ஸ்கூல் டீச்சர். எனக்கு அவள புடிச்சிருந்துது, அவளுக்கும் என்னை. மூணு வருஷமா பாட்டுப் புஸ்தகத்துக்குப் பின்னாடியே பேசிக்கினோம். ஒரு நாள் தைரியத்த வரவழைச்சுக்கினு அம்மாவோட அவங்க குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவ அப்பா சவரிமுத்து ஐயா மைன்ஸுல பெர்மனென்ட். ஓடற கன்வேயர் பெல்ட்ட கண்ணு கொட்டாம பாத்துக்கினு நிக்கற வேலை. காப்பி குடுத்தாரு. குடும்பத்த விசாரிச்சாரு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் டம்ளர கீழ வெச்சுட்டு, "உன்ன எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. ஞாயித்துக்கெழம ஆனா முன்வரிசையில நான்தான்"னாரு.

"எங்க வேலையில ஒரு கல்ல பாக்காம வுட்டா பெல்ட்டு கிழியும். ஆளு மாட்டினா ஆளு போச்சு. நீ என்னடான்னா, ஒருத்தன் நாற்காலிய தூக்கிக்கினு வர்றான், ஊரே கத்துது, உனக்குத் தெரியல. ஒண்ணு உனக்குக் கண்ணு இல்ல, இல்லன்னா நேர்மை இல்ல. இதுல எத நம்பி நான் பொண்ணு குடுக்கட்டும்?"

வாயத் திறந்தா சத்தியம் போச்சு, ஷோ போச்சு, பத்து பதினஞ்சு பேரு பொழப்பு போச்சு. திறக்கலன்னா ஸ்டெல்லா போச்சு. ஆடு திருடின கள்ளன் மாதிரி முழிச்சேன். அம்மா வேற பக்கத்துல இருந்து, "சொல்லேண்டா, தெரியுதா இல்லயா?"ன்னு இடிக்கறாங்க. அவரே ஒரு முடிவு சொன்னாரு.

"மாசக் கடைசியில சாம்பியன் ஆட்டம் இருக்குதில்ல? அதுல அந்த நாற்காலிய பாத்து விசில் ஊதினேன்னா கல்யாணப் பேச்ச எடுப்போம். இல்லன்னா சிதம்பரத்துல எம்பொண்ணுக்கு ஒரு வரன் இருக்குது."

ஸ்டெல்லா காதப் பொத்தினது

அவகிட்டயாவது உண்மைய சொல்லிடலாம்னு பாட்டு பிராக்டீஸ் முடிஞ்சதும் ஓரமா கூப்பிட்டேன். "ஸ்டெல்லா, அந்த நாற்காலி விஷயத்துல என்னன்னா..."ன்னு ஆரம்பிச்சதுமே ரெண்டு காதையும் பொத்திக்கினா. கண்ணுல தண்ணி.

"எதையும் சொல்லாதீங்க. சொல்லிட்டீங்கன்னா எங்கப்பா மூஞ்சியப் பாத்து நான் மறைக்கணும், அது எனக்கு வராது. எப்படியாவது பாத்துத் தொலைங்களேன்!"

கை வலிக்குது

இதுல கொடுமை என்னன்னா, அந்த சாம்பியன் ஆட்டத்துலதான் ஏகாம்பரம் அண்ணன் ஜெயிக்கறதா முதலாளி முடிவு பண்ணியிருந்தாரு. ஆறு வருஷத்துல முத தடவ. நான் பாக்காத நேரத்துல நாற்காலியால ஒரு போடு, கிங் விழணும், நான் மூணு எண்ணணும், கோப்பை எரிமலைக்கு. அண்ணன் புது சட்டை எடுத்தாரு. "பொண்ணுங்கள கூட்டிக்கினு வர்றேன்டா. ஒரு தடவையாவது நான் ஜெயிக்கறத பாக்கட்டும்"னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரு. இவருகிட்ட போய் என் கல்யாணக் கதைய எப்படி சொல்றது? பம்பாய் கிங்குகிட்ட மட்டும் புலம்பினேன். அதுதான் தப்பு. ஊரெல்லாம் தமிழ் பேசாம அடக்கி வெச்சிருந்தத எங்கயாவது கொட்டணுமே மனுஷன்! நேரா போய் அண்ணன்கிட்ட கொட்டிட்டாரு. அது எனக்குத் தெரியாது.

நான் முடிவு பண்ணிட்டேன். பாக்கறதில்ல. அந்தப் புள்ளைங்க முன்னாடி அவரு ஜெயிக்கட்டும், என் தலையெழுத்து சிதம்பரத்து வரனோட போகட்டும். ஆட்டம் ஆரம்பிச்சுது. ஒரு பக்கம் சவரிமுத்து ஐயாவும், தலையக் குனிஞ்சுக்கினு ஸ்டெல்லாவும். இன்னொரு பக்கம் அண்ணன் சம்சாரம், ரெண்டு பக்கமும் ரெட்டை ஜடை போட்ட பொண்ணுங்க. நேரம் வந்துது. பேசினபடி மூலைக்குப் போய் கயித்த சரி பண்ற மாதிரி திரும்பி நின்னேன். "பின்னாடி பாருய்யா, குருட்டுப் பயலே!"ன்னு மைதானமே கத்துது. இப்ப விழும், இப்ப விழும்னு காத்துக்கினு இருக்கேன், சத்தத்தையே காணோம். முதுகுக்குப் பின்னாடி அண்ணன் குரல்: "ஞானம், திரும்பு."

"வேணாண்ணே, அடிச்சுடுங்க"ன்னு பல்லக் கடிச்சுக்கினு சொன்னேன். "கிங்கு எல்லாம் சொல்லிட்டான்டா, திரும்பு"ன்னாரு. நான் கயித்த விடல. எனக்கு அழுகை வந்துட்டுது.

"எவ்ளோ நேரந்தான்டா தூக்கிக்கினே நிக்கறது? கை வலிக்குது, திரும்புடா."

விசில்

திரும்பினேன். நாற்காலி தலைக்கு மேல இருக்கு, கண்ணு மட்டும் என் மேல. நான் நல்லா பாத்தேனான்னு உறுதி பண்ணிக்கினு, அப்புறம்தான் கிங்கு முதுகுல போட்டாரு. விசில் ஊதினேன். எரிமலை அவுட்டுன்னு கைய காட்டி, கிங்கு கைய தூக்கினேன். மைதானம் எழுந்து ஆடுச்சு. முன்னப் பின்ன தெரியாதவங்க ஒருத்தர ஒருத்தர் கட்டிப் புடிச்சுக்கினாங்க. முதலாளி தகரத்துல மடேர் மடேர்னு தலைய முட்டிக்கினாரு. அந்த சந்தோஷக் கூச்சலுக்கு நடுவுல அண்ணனோட சின்னப் பொண்ணு ஓன்னு அழுதது எனக்கு மட்டும்தான் கேட்டுது.

வேஷம் மாத்தற கூடாரத்துக்குள்ள அண்ணனோட ரெண்டு கையையும் புடிச்சுக்கினு அழுதேன். "ச்சீ, கழுத, மூக்கத் தொடை. கோப்பை இன்னொரு தடவ வரும்"னாரு. வரல. நாலே மாசத்துல வெளிநாட்டு குஸ்தி டி.வி.க்கு வந்துது, எங்க ஷோவ இழுத்து மூடினாங்க. எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னதுதான் அவரு கடைசியா ஏறின மேடை. சாம்பியன் ஆட்டத்தன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் அப்படி நின்னுகினு இருக்கும்போதுதான் சவரிமுத்து ஐயா கூடாரத்துக்குள்ள வந்தாரு. என்னைப் பாத்தாரு. அண்ணனப் பாத்தாரு. அழுத அந்த சின்னப் பொண்ணு மூஞ்சியயும் வெளிய பாத்துட்டுத்தான் வந்திருப்பாரு போல.

"நீ எங்க தம்பி பாத்த? அவரு காட்டினாரு. இப்படி ஒருத்தர சிநேகிதமா வெச்சிருக்கறவனுக்கு நான் தாராளமா பொண்ணு குடுப்பேன்."

நாலு வருஷ ரெஃபரி வாழ்க்கையில நான் சரியா தீர்ப்பு சொன்னது அந்த ஒரே ஒரு ஆட்டத்துலதான். அதுலதான் ஜெயிக்க வேண்டிய மனுஷன் தோத்துப்போனாரு.