கைதட்டாத அக்கா

டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றமாட்டார் அக்கா. குடியை விட்ட புதிதில் வருகிறவர்களுக்குக் கை நடுங்கும். நிறைய ஊற்றிக் கொடுத்தால் சட்டையில் சிந்திக்கொண்டு, வந்தவர் கூனிக் குறுகிப் போவார். நாற்காலியையும் எதிரே போடுவதில்லை, ஜன்னலைப் பார்த்தாற்போல் பக்கவாட்டில்தான். முகத்தைப் பார்க்காமல் பேச முடிந்தால் பொய் கொஞ்சம் குறையும் என்பது அவர் கணக்கு.

குடி மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர் வேலை. தன்னைவிட மூத்த ஆண்களுக்கும் அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால் 'ம்ம் அக்கா'. எவ்வளவு கொட்டினாலும் அவரிடமிருந்து பெரும்பாலும் கிடைப்பது ஒரு 'ம்ம்'. "வாயத் திறக்காம இருக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று வாசல் காவலாளியே கிண்டலடிப்பார்.

"நல்லா நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்கக்கா" என்பார்கள் மனைவிமார்.

"நீங்க கேக்காததையா நான் கேக்கப்போறேன்?"

"பொண்ணு மேல சத்தியமா" என்று ஆரம்பிப்பவர்களை மட்டும் அங்கேயே நிறுத்துவார். "பொண்ண விடுங்க. வேலை முடிஞ்சு எந்தத் தெரு வழியா வீட்டுக்குப் போவீங்க? அதச் சொல்லுங்க." கடை இல்லாத வழியை இருவருமாக உட்கார்ந்து தேடுவார்கள்.

இத்தனை தெரிந்தவர் ஒரு நாள் கைதட்டிவிட்டார். லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தார். குழுக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்தி, "இவரப் பாத்துக் கத்துக்குங்க" என்றார் அக்கா. எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து அவரைக் காணோம்.

அவர் மனைவிதான் போனில் அழுதாள். "மறுபடி ஆரம்பிச்சிட்டாருக்கா. அங்க போங்கன்னா, அத்தன பேர் முன்னாடி தூக்கி வெச்சாங்களே, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேங்கறாரு."

திட்டினால் ஓடிவிடுவார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். புகழ்ந்தாலும் ஓடுவார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எத்தனையோ தடவை அழைத்துப் பார்த்தார், லிஃப்ட்காரர் எடுக்கவில்லை. இப்போது யார் வந்து நல்ல செய்தி சொன்னாலும், "சந்தோஷம். இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பதோடு சரி. மனசு ஆறவே இல்லை அவருக்கு.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் லிஃப்ட்காரரைப் பார்த்துவிட்டார். ஆள் துரும்பாக இளைத்திருந்தார். தோளில் எப்போதும் தொங்கும் கருவிப் பை இல்லை. அக்காவைக் கண்டதும் சட்டென்று விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒதுங்கினார். கீழே செருப்பு மட்டும் தெரிந்தது.

கூப்பிடத் துடித்தது வாய். கூப்பிட்டால் இங்கிருந்தும் ஓடிவிடுவார். அக்கா பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். யாரும் அழைக்காத போனைப் பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தார்.

"ஆமாங்க... மறுபடி குடிச்சவங்களும் வரலாம். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டோம். கூட்டத்துல உக்கார வேணாம், நேரா என் ரூமுக்கு வந்தாப் போதும்" என்று உரக்கச் சொன்னார்.

பேருந்து வந்து, எல்லோரும் ஏறி, அது கிளம்பிப் போன பிறகும், திரும்பிப் பார்க்காமல், போனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தார்.